குழாய் இல்லாத கடல்

மதியம் இரண்டே முக்கால். மூன்று உயிர்கள். சென்னியப்பன்.

மூன்றையும் மைக்கில் அறிவித்தவர் பம்ப்செட் கம்பெனியின் எம்.டி. ரத்தினசபாபதி. நேரத்தைச் சொன்னது, சாப்பாடு முடிந்து கண் சொக்கிக் கிடந்த டீலர்களை எழுப்ப. உயிர்களைச் சொன்னது, ஆட்டத்தின் விதி புரிவதற்காக. பேரைச் சொன்னது, ஆள் நழுவிவிடாமல் இருக்க.

"மூணு உயிர் இருக்குது நம்ம மாப்ளைக்கு. நமக்கெல்லாம் ஆண்டவன் ஒண்ணுதான் குடுத்திருக்கறான். அப்படியும் பாருங்க, மொகம் எப்படி இருக்குதுன்னு." டீலர்கள் சிரித்தார்கள். "என்ற ஸ்கோரு நாப்பத்தோராயிரம். அதைத் தாண்டீட்டா டெஸ்டிங் செக்சன் ரிட்டயராகற வரைக்கும் மாப்ளையோடது. தாண்டலைன்னா..." கொஞ்சம் நிறுத்தினார். நிறுத்தத் தெரிந்தவர். "தாண்டலைன்னா வீட்டுல உக்காந்து நல்லாப் பழகட்டும்."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஈரோட்டு டீலர் மேசையைத் தட்டினார். அவினாசி ரோட்டு ஓட்டலின் அந்தக் குளிரூட்டிய மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேரைத் தவிர. சொன்னவர் ஒருவர், கேட்டவன் ஒருவன். ஏப்ரலில் கம்ப்யூட்டரே பம்ப்செட்டை ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் அடித்துத் தரும் புதிய டெஸ்டிங் கூடம் வருகிறது, இப்போது இருக்கும் இரண்டு பொறுப்பாளர்களில் ஒருவர் போதும், அது சென்னியப்பனா பூபதியா என்பது இன்னும் முடிவாகவில்லை, இது தொழிற்சாலையில் டீ கொண்டு வருகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் ரத்தினசபாபதி விளையாட்டுக்காக வைத்த பந்தயம் எதையும் வசூலிக்காமல் விட்டதில்லை என்பது சென்னியப்பனுக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் சிறுவயதிலிருந்தே அதைக் கட்டி வருகிறவன் அவன்தான். மேடையில் ஜரிகைத் துணி போர்த்தி நின்ற பெட்டியைப் பார்த்தான். ஆள் உயரம். கல்யாண மேடையில் முகம் மூடி நிறுத்திய வேற்று மதத்துப் பெண் போல. இல்லை, பிணவறையில் நிற்க வைத்த ஏதோ ஒன்று போல. பனீர் குழம்பு நெஞ்சில் நின்றது. இரண்டு கரண்டி போதும் என்று சொல்லியும் மனைவி சுலோச்சனா வைத்தாள், சாப்பிடுங்க, நீங்க ஜெயிக்கோணுமல்ல என்று. பெண்கள் மேசையில் அவள் எம்.டி.யின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்ததே இன்றுதான், பட்டுப்புடவை கட்டி, இரண்டு கையையும் மடியில் கோத்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று வந்த தாயைப் போல. அவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எதைச் சொல்லியிருக்கக் கூடாதோ அதைத்தான் மனிதன் கல்யாணமான புதிதில் சொல்லித் தொலைக்கிறான், மனைவியிடம் காட்ட வேறு நகை இல்லாதவன் அதை எடுத்துக் காட்டுகிறான். சின்ன வயசுல மச்சான்கிட்ட ஆட்டத்துல நான் வேணும்னேதான் தோத்தேன், அம்மா தோக்கச் சொன்னாங்க, இல்லைன்னா அவரால என்கிட்ட நிக்கவே முடியாது. இருபது வருஷம் அவள் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். போன ஆடியில் காதுகுத்து விசேஷத்தில், எம்.டி.யின் மனைவி தன் வீட்டுக்காரர் கோல்ஃபில் வாங்கிய கோப்பைகளை அடுக்கிக்கொண்டே போக, இவளுக்குப் பொறுக்கவில்லை. எடுத்து மாட்டிக்கொண்டாள். இவரும் லேசுப்பட்டவரில்லீங்க அக்கா, உங்க ஊட்டுக்காரருக்கே விட்டுக் குடுத்தவரு. அக்கா சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பாள். ஒரு மாதத்தில் எம்.டி.யின் டிரைவர் ஒரு பென்டிரைவைக் கொண்டு வந்து கொடுத்தான். பின்னாலேயே போன். "பழைய நெனப்பு மாப்ள. உனக்குப் புடிச்ச பெல் டைவர். லேப்டாப்புல போட்டுப் பழகிக்கோ. டீலர் மீட்ல ஒரு ஆட்டம் போட்டுரலாம்."

பெல் டைவர். எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றி இன்று பேசுகிறவர்கள்கூட அதைச் சொல்வதில்லை. கடலுக்குள் ஒரு மணி தொங்கும், கோயில் மணி போலக் கவிழ்ந்த இரும்பு மணி, அதற்குள் காற்று. மூழ்குகிறவன் அதிலிருந்து இறங்கி, அடியில் கிடக்கும் முத்துச்சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு, திருக்கை மீன்களுக்குத் தப்பி மணிக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். மாமா, ரத்தினசபாபதியின் அப்பா, சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கம்ப்யூட்டரில் அது கேசட்டாக வந்தது. டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்சென்று ஒரு அலறல், டி.வி. ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை ஓடும், ஐந்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், சத்தம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ முதலிலிருந்து. அந்தச் சத்தத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் சென்னியப்பன் ஒருவன்தான், அதனால்தான் அவனை உள்ளே விட்டார்கள். கீபோர்டில் ரப்பர் சாவிகள். ஓ இடது, பி வலது, க்யூ மேலே, ஏ கீழே. மீன் பக்கத்தில் போனால் ஆளும் மீனின் நிறத்துக்கு மாறிவிடுவான், மஞ்சள் மீனுக்கு மஞ்சள் ஆள், சிவப்பு மீனுக்குச் சிவப்பு ஆள், அந்தக் கம்ப்யூட்டரின் கோளாறு அது, ஆனால் இவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது, யார் பக்கத்தில் நிற்கிறோமோ அவர்கள் நிறம்தானே நமக்கு. அப்பா மாமாவின் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில், மணல் அச்சு செய்யும் மோல்டிங் பிரிவில் நின்றார். அம்மா மாமாவின் கூடப்பிறந்தவள், இருந்தாலும் விசேஷங்களில் சமையல்கட்டோடு சரி. தோற்றவன் ஜெயித்தவனை முதுகில் சுமந்து ஃபவுண்டரியை ஒரு சுற்று வர வேண்டும் என்பது ரத்தினம் வைத்த விதி. முதல் நாளே இவன் ஜெயித்துவிட்டான். ஜெயிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. மீன்கள் எப்போதும் வலப்பக்கமாகவே திரும்புகின்றன என்று இவனுக்குக் கண்டதும் தெரிந்துவிட்டது, ஆகவே இடப்பக்கம் இறங்கி, அடிப்பாறையைச் சுற்றி, வலப்பக்கமாக ஏறி, செக்குமாடு போல ஒரே வட்டம், வட்டத்துக்கு வட்டம் சிப்பி. ரத்தினம் இவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். வார்ப்புகளை ஆறப் போட்டிருக்கும் இடம் வந்ததும் கையை விட்டுவிட்டான். இப்போதும் இவனுடைய இடது தொடையில் பம்ப் மூடியின் விளிம்பு சுட்ட தழும்பு, ஒரு பிறை மாதிரி, முடி முளைக்காமல் இருக்கிறது. கை நழுவிருச்சு அத்தை, என்று அம்மாவிடம் சொன்னான் ரத்தினம், முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு. அம்மா தொடையில் மருந்தைத் தடவிக்கொண்டே, இவன் கத்தாமல் இருக்க வாயில் முந்தானையைத் திணித்து, காதருகில் சொன்னாள்: "இனிமே தோத்துட்டு வந்துரு கண்ணு. தோத்தா ஒண்ணும் கொறஞ்சு போயற மாட்டம். உங்கொப்பனுக்கு அங்கதான சோறு."

அன்றிலிருந்து தோற்றான். தோற்பது எப்படி என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டான். உடனே தோற்கக் கூடாது, ரத்தினத்துக்குச் சந்தேகம் வரும். கொஞ்சம் முன்னால் போய், பதற்றப்படுவதாக நடித்து, மீனின் வாயில் சரியாகப் போய் நிற்க வேண்டும். பிறகு குனிந்து முதுகைக் காட்ட வேண்டும். ரத்தினம் கனமான பையன். ஃபவுண்டரியைச் சுற்றும்போது மோல்டிங் பிரிவைக் கடக்க வேண்டியிருக்கும், அங்கே மணல் பூசிய அப்பா நிமிர்ந்து பார்ப்பார், மகன் முதலாளி மகனைச் சுமந்து போவதைப் பார்ப்பார், ஒரு தடவை சிரித்தார்கூட, பயலுக நல்லா வெளையாடறானுக என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். இவனுக்கு அது வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை என்றால், முதுகில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரியும். பிச்சை போட்டவன் கீழே நடக்கிறான், வாங்கியவன் மேலே உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒன்றைத் தின்றுதான் இவன் வளர்ந்தான். டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் கையைக் கட்டி நின்றபோதும், மச்சான் என்பது சார் ஆனபோதும், கல்யாணப் பத்திரிகையில் எம்.டி.யின் பேரை அப்பாவின் பேருக்கு மேலே போட்டபோதும், அதே ஒன்று. போன மாதம் பூபதி மோட்டாரை ஓட்டிப் பார்க்காமலே சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறான் என்று எம்.டி.யின் உதவியாளரிடம் சொல்லி வைத்தான், அது உண்மையா என்று இவனுக்கே தெரியாது, ஒரு நாள் பார்த்தது போல் இருந்தது, இல்லை பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தது. அன்றுகூடத் தன்னைச் சின்னவன் என்று இவன் நினைக்கவில்லை. மனது வைத்திருந்தால் ஜெயித்திருக்கக் கூடியவன், வேறு. தோற்றவன், வேறு. ஆறு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் லேப்டாப்பில் ஓ, பி, க்யூ, ஏ. விரல் எதையும் மறக்கவில்லை. ஐம்பதாயிரம், அறுபதாயிரம், போன வாரம் எழுபதைத் தாண்டியது. சுலோச்சனா பின்னால் நின்று பார்த்தாள். இந்தத் தடவை விட்டுக் குடுக்காதீங்க, என்றாள், நமக்கும் வயசாகுது. இந்தத் தடவை விடப் போவதில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, யாருடைய சோறும் இல்லை. தன் சோறு மட்டும். அதற்கு ஜெயிக்க வேண்டும் என்று அவரே மைக்கில் சொல்லிவிட்டார். நூறு சாட்சி.

துணியை எடுத்தார்கள். எடுத்ததும் ஒரு ஓ என்ற சத்தம், கைதட்டல். பக்கவாட்டில் பித்தளைத் தலைக்கவசம் போட்ட ஒருவனின் படம், உள்ளே வளைந்த கண்ணாடித் திரை, அதற்குக் கீழே சிவப்புக் குண்டு வைத்த கம்பும் ஒரு பொத்தானும். சாவிகள் இல்லை. "பெங்களூருல ஒருத்தரு பழைய மிஷினெல்லாம் ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கறாரு," என்று எம்.டி. டீலர்களுக்கு விளக்கினார். "இதுதான் ஒரிஜினல். நாங்க சின்னதுல ஆடுனது கம்ப்யூட்டருக்குன்னு பண்ணுன நகலு. ஒரிஜினலை நான் அப்பவே சிங்கப்பூருல பாத்துட்டேன். மாப்ளைக்கு இன்னைக்குத்தான் பாக்கியம். போன வருசத்துலருந்து கெஸ்ட் ஹவுசுல கெடக்குது, நானும் அப்பப்ப தட்டிப் பாத்துக்குவேன்." போன வருசத்திலிருந்து. சென்னியப்பன் அந்த வார்த்தையில் ஒரு கணம் தட்டி நின்றான், மோட்டாருக்குள் ஒரு சிறு கல் சிக்கினால் ஒரு சத்தம் வருமே அப்படி, ஆனால் அதற்குள் பின்னால் யாரோ தோளைத் தொட்டுத் தள்ளினார்கள். பூபதி முன்வரிசையிலிருந்து, "அண்ணா, விட்றாதீங்க!" என்று கத்தினான். நெஞ்சாரத்தான் கத்தினான். மடையன். இவன் தோற்றால் அவனுக்கு வேலை நிலைக்கும் என்பதுகூடத் தெரியாமல் கத்துகிறான், இல்லை தெரிந்தும் கத்துகிறானா, அப்படியானால் இன்னும் மோசம். சிவப்புக் குண்டைப் பிடித்தான். யாரோ ஐஸ்கிரீம் சாப்பிட்ட கையால் பிடித்திருக்கிறார்கள், பிசுபிசுத்தது. பொத்தானை அழுத்தினான். கடல் வந்தது. எவ்வளவு அழகான கடல். லேப்டாப்பில் கறுப்புத் தாளில் நான்கு கோடாக இருந்தது இங்கே பச்சையும் நீலமுமாக அசைந்தது, மீன்களுக்குச் செதில் இருந்தது, மணிக்கு நிழல் விழுந்தது. மீன்கள் வலப்பக்கம்தான் திரும்பின. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடேய், அதேதான். அதே செக்கு. இடப்பக்கம் இறங்கினான், கம்பு பழகாத கையிலும் வழி தப்பவில்லை, சிப்பி, சிப்பி, பாறையின் அடி, இன்னொரு சிப்பி, வலப்பக்கம் ஏறினான், மேலே மணி, பக்கத்தில் ஒரு மீனும் இல்லை, சுத்தமான தண்ணீர், மணிக்கு ஒரு முழம் இருக்கும்போது அவனுடைய ஆள் துடித்தான். துடித்து, கையைக் காலை உதறி, வாயிலிருந்து குமிழ் குமிழாக விட்டுக்கொண்டு அடிக்குப் போனான். மண்டபம் ஐயோ என்றது. எம்.டி., "ஒண்ணு போச்சு," என்றார்.

என்ன நடந்தது? மீன் தொடவில்லை. பாறை தொடவில்லை. மிஷின் பழையது, ஏதோ கோளாறு, கோளாறு என்று சொல்லலாமா, சொன்னால் தோற்கிறவன் சாக்குச் சொல்கிறான் என்பார்கள், சொல்லாவிட்டால் இரண்டு உயிர்தான் இருக்கிறது. அவன் திரும்பி எம்.டி.யைப் பார்த்தான். அவர் திரையைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேலையைச் சரியாகச் செய்து வைத்துவிட்டு அது நடப்பதைப் பார்க்கிறவரின் முகம். அந்த முகத்தை இவன் முன்பே பார்த்திருக்கிறான், அத்தை கை நழுவிருச்சு, ஆம் அதே முகம்தான், தாடை மட்டும் சதை போட்டிருக்கிறது. அடுத்த ஆள் மணிக்குள்ளிருந்து இறங்கினான். இந்தத் தடவை இவன் மெதுவாக நகர்த்தினான், மீனைப் பார்க்காமல் ஆளையே பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆளின் தலைக்கவசத்தின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. ஆள் போகப் போக அதுவும் நீண்டது. மணியிலிருந்து ஆள் வரைக்கும், அவன் போன வழியெல்லாம், தண்ணீரில் அசைந்துகொண்டு கிடந்தது. குழாய். மூச்சுக் குழாய். அவன் காற்றைக் கையோடு கொண்டு போகவில்லை, மணியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். வட்டம் அடித்தால் திரும்பும்போது தன் குழாயைத் தானே மிதிப்பான். மிதித்தால் மூச்சு நிற்கும். போன வழியேதான் திரும்ப வேண்டும் இங்கே. இவ்வளவு எளிது. கண்டுபிடித்த அதிர்ச்சியில் கை ஒரு கணம் நின்றது, நின்ற கணத்தில் மஞ்சள் திருக்கை ஒன்று வலப்பக்கம் திரும்பி வந்து ஆளைத் தின்றது. நிறம் மாறவில்லை. தன் நிறத்திலேயே செத்தான். "ரெண்டு," என்றார் எம்.டி. டீலர்கள் இப்போது சிரிக்கவில்லை, சிலர் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டிருந்தார்கள், தேனி டீலர் பக்கத்து ஆளிடம் டிஸ்கவுண்ட் பற்றி ஏதோ கேட்டார்.

குழாய் அங்கே இல்லை. கேசட்டில் இல்லை. லேப்டாப்பில் இல்லை. ஒரு மூலையில் காற்று என்று ஒரு எண் மட்டும் இருந்து குறைந்துகொண்டே வரும். எங்கோ இங்கிலாந்தில் ஒரு மழை ஊரில், இந்தக் கடலை அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் திணிக்கச் சொல்லி எவனோ ஒருவனிடம் கொடுத்திருக்கிறார்கள். இடம் பற்றவில்லை. செதிலை எடுத்தான், நிழலை எடுத்தான், நிறத்தை எடுத்தான், அப்போதும் பற்றவில்லை, குழாயை எடுத்துவிட்டு ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். கோயமுத்தூரில் ஒரு பையன் அதனால் பயமில்லாதவனாக வளர்வான் என்று அவனுக்கு எப்படித் தெரியும். ரத்தினத்துக்குத் தெரியும். சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்து, அங்க இது வேற மாதிரிடா என்று ஒரு தடவை சொன்னான், எப்படி என்று இவன் கேட்டதற்கு, போனாத்தான தெரியும் என்றான். சிங்கப்பூருக்கு இவன் எப்போது போகப் போகிறான். முப்பது வருஷம் அதை வைத்திருந்து, காதுகுத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததும், நகலைப் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறார். பழகிக்கோ. நானும் பழகினேனே. ஆறு மாதம் உட்கார்ந்து, என்னைக் கொல்லும் வட்டத்தை விரலில் ஏற்றிக்கொண்டேனே. சரி. சரி. இன்னும் ஒரு உயிர் இருக்கிறது. ஒரு உயிர் போதும், நமக்கெல்லாம் ஆண்டவன் ஒண்ணுதான் குடுத்தான். விதி தெரிந்துவிட்டது. போன வழியே திரும்பு. அவ்வளவுதான். பம்ப் டெஸ்ட் செய்கிறவனுக்குப் பொறுமை புதிதா? மூன்றாவது ஆளை இறக்கினான். இடப்பக்கம் நேராக, ஒரு சிப்பி, அதே வழியில் மேலே, மணி. புள்ளி ஏறியது. மறுபடி. வலப்பக்கம் ஒரு சிப்பி, அதே வழி, மணி. மெதுவாக ஏறியது, ஆனால் ஏறியது. பத்தாயிரம். மண்டபம் மறுபடி திரும்பிப் பார்த்தது. பதினைந்து. பூபதி எழுந்து நின்றுவிட்டான். சுலோச்சனா என்ன செய்கிறாள் என்று பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. இருபது. எம்.டி. மைக்கைக் கீழே இறக்கினார், அது இவனுக்குத் தோளுக்குப் பின்னால் தெரிந்தது, அவர் மூச்சு விடும் சத்தம் மைக்கில் வந்துகொண்டிருந்தது நின்றது. பயப்படறயா மச்சான். முதல் தடவையாக நான் ஆடறேன், பயமாத்தான் இருக்கும். இருபத்தெட்டு. தொடையில் அந்தப் பிறை அரித்தது. இதுதான் ஜெயிப்பதா, இது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது, வாயில் இரும்பு மாதிரி ஒரு ருசி. அடியில் ஐந்து சிப்பிகள் சேர்ந்து கிடந்தன, பாறைக்கு இடப்பக்கம். ஐந்தையும் ஒன்றாகக் கொண்டு போனால் இரட்டிப்பு. இறங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, பாறையை ஒட்டி நான்கு, ஐந்து. மேலே சிவப்புத் திருக்கை வந்தது. வலப்பக்கம் திரும்பும். திரும்பும் என்று தெரியும். நின்று காத்திருந்தால் போய்விடும். நில், என்று சொல்லிக்கொண்டான். நில்லுடா. கை நிற்கவில்லை. கைக்கு யார் சொல்வது? ரப்பர் சாவியில் ஒரு வருஷமும் லேப்டாப்பில் ஆறு மாதமும் படித்த கை அது, சிவப்பு மீன் வந்தால் பாறைக்கு அடியில் போ, வலப்பக்கம் ஏறு என்று அதற்குத் தெரியும், அது போயிற்று, அவன் நில் நில் என்று உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போதே பாறைக்கு அடியில் நுழைந்து, வலப்பக்கம் ஏறி, அழகாக, ஒரு மீனும் தொடாமல், செக்குமாடு தன் தடத்தில் வந்து நிற்பதைப் போல மணிக்கு ஒரு முழம் கீழே தன் வெள்ளைக் கோட்டின் மேல் வந்து நின்றது.

குமிழ்கள் மேலே போயின. ஆள் கீழே போனான். அதிகப் புள்ளி எடுத்தவனிடம் கேட்பது போல மூன்று எழுத்தில் பேர் போடக்கூட மிஷின் கேட்கவில்லை.

அந்த ஒரு நொடியில், கைதட்டல் தொடங்குவதற்கு முன்னால், சென்னியப்பன் கணக்குப் பார்த்தான். இது நான் விட்டதில்லை. ஆடினேன். முழுசாக ஆடினேன், தோற்றேன். அப்படியானால் அன்றைக்கு? அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன் என்பது எப்படித் தெரியும்? குழாய் இல்லாத கடலில் நீந்திவிட்டு நீச்சல் தெரியும் என்று சொன்னேனா? முதுகில் சுமந்து நடந்தபோது மேலே இருந்தவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே, மேலே இருந்தவனுக்குத் தெரிந்தது ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே. அதைத் தின்றா இத்தனை வருஷம். ஒரு கை தோளில் விழுந்தது. வாசனைத் தைலமும் வெற்றிலையும் கலந்த மூச்சு. மைக் மறுபடி மேலே வந்திருந்தது.

"என்ன மாப்ள," என்றார் ரத்தினசபாபதி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, பிரியமாக. "இந்தத் தடவையும் எனக்கோசரம் விட்டுக் குடுத்துட்டயா?"

டீலர்களுக்கு அது புரியவில்லை, புரியாமலே சிரித்தார்கள். பெண்கள் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பதில் சொல்லக் கூச்சப்படாத, உண்மையைத்தான் சொல்கிறோம் என்ற தெளிவோடு வந்த குரல். "அவரு எப்பவுமே அப்படித்தானுங்க அண்ணா," என்றாள் சுலோச்சனா. சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலி அக்காவைப் பார்த்துத் தலையை லேசாக நிமிர்த்தினாள்.

மைக் அவன் வாய்க்கு நேராக நீண்டது. கறுப்புப் பஞ்சு. அதில் முன்பு பேசியவர்களின் எச்சில் நாற்றம். ஆமாம் மச்சான், விட்டுக் குடுத்தேன் என்று சொன்னால் அவள் முகம் அப்படியே இருக்கும், இன்று ராத்திரி காரில் போகும்போது பெருமையாகக் கோபித்துக்கொள்வாள், இனி செத்தாலும் அதை நம்புவாள். ஆனால் நூறு டீலர்களுக்கு முன்னால் முதலாளிக்குப் பிச்சை போட்டதாகச் சொன்னவனுக்கு ஏப்ரலில் இடம் கிடையாது. இல்லை, நிஜமாகவே தோற்றேன் என்று சொன்னால் அவளிடம் இருக்கும் ஒரே நகையும் கவரிங் ஆகிவிடும், ஆனால் இவர், ஒருவேளை இவர், கேட்க வந்தது இதுதானே, இதற்குத்தானே இத்தனை ஏற்பாடு, கேட்டுவிட்டால் வயிறு நிறைந்துவிடும், வயிறு நிறைந்தவன் மாப்ள இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்ல மாட்டானா. நாற்பத்தைந்து வயதில் யார் வேலை கொடுப்பார்கள். பூபதிக்கு முப்பத்து நாலு. தோற்றுவிட்டு வந்துவிடு கண்ணு என்றாள் அம்மா, தோற்றேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு என்று சொல்லவில்லை, இரண்டும் வேறு என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. சுலோச்சனாவைப் பார்த்தான். அவள் புருவத்தை உயர்த்தி, சொல்லுங்க என்றாள்.

"இல்லீங்க சார்," என்றான் சென்னியப்பன். "நெசமாத்தான் தோத்தேன். அப்பவும் அப்படித்தானுங்க."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அதை அவனாகத்தான் சேர்த்தான், கேட்டதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் நல்லது என்று, கடைக்காரன் கொசுறு போடுகிற மாதிரி. எம்.டி.யின் கை தோளில் ஒரு தடவை தட்டிக் கொடுத்தது. பிறகு அவர் பெண்கள் மேசைப் பக்கம் திரும்பி, மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வெறுங்குரலில், "கேட்டயா தங்கச்சி?" என்றார்.

சுலோச்சனா கேட்டிருந்தாள். கோத்திருந்த கைகளைப் பிரித்து, முன்னால் இருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை எடுத்து, அதில் கரைந்து கிடந்ததைக் கரண்டியால் கலக்க ஆரம்பித்தாள். எம்.டி.யின் மனைவி அவளிடம் எதையோ குனிந்து கேட்டாள், அதற்குப் பதில் சொன்னாள், சிரித்தாள்கூட. மேடைக்கு எதிரே வரிசையாக இருந்த விளக்குகளில் கண் கூசியது, அவள் முகத்தில் என்ன இருந்தது என்று சென்னியப்பனால் பார்க்க முடியவில்லை. அதற்குள் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள், விற்பனையில் முதலிடம் பெற்ற டீலருக்குத் தங்கக் காசு, ஈரோட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார், வழியில் நின்ற இவனிடம், "கொஞ்சம் அக்கட்டால போங்க தம்பி," என்றார். போனான்.

2018ஆம் ஆண்டு மார்ச் 31, சனிக்கிழமை, சென்னியப்பன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டான். ஏப்ரல் 2, திங்கட்கிழமை காலை, கம்பெனியின் புதிய டெஸ்டிங் கூடத்தை, அழைப்பிதழில் டீலர் மீட்டுக்கு முன்பே அச்சிட்டிருந்தபடி, திருமதி சுலோச்சனா சென்னியப்பன் குத்துவிளக்கேற்றித் திறந்து வைத்தார்.